பதம் பிரித்தல்

"இந்தக் கருமத்த இன்னைக்கே அத்துவிட்டுத் தொல" என்று அர்த்தநாரி ஃபோனில் சொன்னார். 'சொன்னார்' என்பது ஒரு மரியாதைக்கு. சங்ககிரியில் அவருடைய லாரி புக்கிங் ஆபீஸ் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, நாலு கடை தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுமுனையில் இருந்த இயந்திரப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்கள் கூறியதை உறுதி செய்துகொள்கிறேன். 'தங்கள் சேவையைப் பெரிதும் மதிக்கிறேன். அதுபற்றி இன்றே உரையாட விரும்புகிறேன்.' மேலே பேசலாமா?"

அர்த்தநாரி பல்லைக் கடித்துக்கொண்டார். "சரி, நான் சொல்றத மொதல்ல..."

"தங்கள் சம்மதத்துக்கு நன்றி. ஒப்பந்தம் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது."

கொங்கு நாட்டில் 'சரி' என்ற சொல்லுக்குச் சம்மதம் என்று பொருள் கிடையாது. 'காது கேட்கிறது, மேலே சொல்' என்பதுதான் அதன் முழு அர்த்தமும். பெண் கேட்டு வந்தவருக்கும் அதே சரி, ஓட்டுக் கேட்டு வந்தவருக்கும் அதே சரி. சம்மதமா இல்லையா என்பது வந்தவர் வாசலைத் தாண்டிய பிறகு வீட்டுக்குள் முடிவாகும் சமாச்சாரம். இது அந்த இயந்திரத்தைச் செய்த எந்த மகானுக்கும் தெரிந்திருக்கவில்லை.

சரியென்று சொல்லக் கூடாது என்று நாக்கைக் கட்டிக்கொண்டு அர்த்தநாரி மறுபடி ஒருமுறை கூப்பிட்டார். வாதாடினார், கெஞ்சினார், அதன் வம்சத்தைப் பற்றி விசாரித்தார். ஒன்றும் வேலைக்காகவில்லை. சலித்துப்போய் ஃபோனை வைக்கும்போது, பிறந்ததிலிருந்து ஊறிய பழக்கத்தில், "அப்ப வர்றனுங்க" என்றார்.

"மீண்டும் வருவதாக உறுதியளித்ததற்கு நன்றி. ஒப்பந்தம் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது."

'போறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதை எப்படிச் சொல்வது? அவர் வீட்டில் கடைக்கு உப்பு வாங்கக் கிளம்புகிறவர்கூட 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வார். வாய் தவறி 'போறேன்' என்று சொன்னவரை வாசலிலேயே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, திருத்திச் சொல்லச் செய்து அனுப்புவார்கள். ஆக, நாலு வருஷம் மிச்சமிருந்த ஒப்பந்தத்தை முறிக்க உட்கார்ந்த மனுஷன், காலைப் பலகாரம் செரிப்பதற்குள் அதை ஆறு வருஷமாக்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். நயம் என்று ஒரு தொலைபேசி நிறுவனம் இருந்தது. அதில் பதம் என்று ஒரு திட்டம். உங்கள் குரலின் ரேகையை அது எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் யாருடைய ஃபோனில், எந்த ஊரிலிருந்து பேசினாலும், உங்கள் வாயிலிருந்து கிளம்புவது ஒன்றாகவும், கேட்பவர் காதில் விழுவது அதையே பக்குவமாக வேகவைத்து, காரம் எடுத்து, நெய் விட்டதாகவும் இருக்கும். குரல் உங்களுடையதேதான். ஏற்ற இறக்கம்கூட உங்களுடையது. வசவு மட்டும் இருக்காது. எழுதி அனுப்பினாலும் இதே கதிதான். பதம் வந்தபிறகு நாட்டில் சண்டைகள் பாதியாகக் குறைந்தன என்று நிறுவனம் பெருமையாகச் சொன்னது. சமாதானங்களும் அதே அளவு குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. சண்டை போட்டால்தானே சமாதானம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மகள் மகிழினியை நார்வேக்கு விமானம் ஏற்றிவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து திரும்பும் வழியில்தான் அர்த்தநாரி பதத்தில் சேர்ந்தார். கடலடியில் ஓடும் இயந்திரங்களைக் கரையிலிருந்து ஓட்டுகிற வேலை அவளுக்கு. விமான நிலையத்தில் அவள், "அப்பா, அங்க எல்லாரு முன்னாடியும் ஸ்பீக்கர்ல பேச வேண்டியிருக்கும், 'கழுத'ன்னு ஆரம்பிச்சுராதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்ததை அவர் கவனிக்கவில்லை. சொன்னது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. பெற்ற மகளுக்கு நம் வாயால் தலைகுனிவு வரலாமா? வழியிலேயே வண்டியை நிறுத்தி, ஒரு பெட்டிக்கடையில் குரலைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை, மனைவி கோகிலவாணியிடம்கூட. பல் கட்டியதைப் போல, இதுவும் வெளியில் சொல்லிக்கொள்கிற விஷயமில்லை என்று நினைத்தார்.

அதன் பிறகு டிரைவர்கள் வேலையை விட்டு ஓடுவது நின்றது. கோயில் தர்மகர்த்தா தேடிவந்து கும்பிட்டார். மகள் மட்டும் நாளுக்கு நாள் விலகிப் போனாள். எதைச் சொன்னாலும், "நன்றி அப்பா. தங்கள் அன்பு எனக்கு ஊக்கமளிக்கிறது" என்பாள். குளிர் தேசத்துக்குப் போன பெண் குளிர்ந்துவிட்டாள் என்று அவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். போன வாரம் பேசியபோது, கம்பெனி அவளை ஏழு வருஷத்துக்கு நிலாவுக்கு அனுப்பக் கேட்பதாகவும், போகலாமா வேண்டாமா என்றும் கேட்டாள். அவர் மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள், "தங்கள் வாழ்த்துக்கு நன்றி அப்பா" என்று வைத்துவிட்டாள். வசவு போகாவிட்டாலும் 'போகாதே' என்றது போய்ச் சேர்ந்திருக்கும் அல்லவா? அதற்கு ஒருத்தி வாழ்த்துக்கு நன்றி என்றால் அது நக்கல்தான் என்று முடிவுகட்டி, ஒரு வாரமாக அவர் முறுக்கிக்கொண்டு இருந்தார். அவள் நார்வேயிலிருந்து நேராகக் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு வந்து, நோய்த்தொற்று கூடாதென்று தனிமை விடுதியில் அடைக்கப்பட்ட பிறகும் அவர் கூப்பிடவில்லை.

இன்று காலை கோகிலவாணி தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, மகள் அவளிடம் பேசியதை நல்ல செய்தியாகச் சொன்னாள். இன்று சாயங்காலம் கையெழுத்துப் போடப் போகிறாளாம். போட்டுவிட்டால் மாற்ற முடியாதாம்.

"'அப்பா என்கிட்ட ரொம்ப மரியாதையா நடந்துக்கறாரு. அதனால போறதுல எனக்குத் தயக்கம் இல்லை'ன்னாளுங்க. பாருங்க, உங்களுக்கு எத்தன நல்ல பேரு."

அர்த்தநாரியின் கையில் தோசை அப்படியே நின்றது. மரியாதையா? நானா? அப்போதுதான் அவருக்கு உறைத்தது, வசவோடு சேர்த்து விஷயமும் அவளிடம் போய்ச் சேரவில்லை என்று. மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் அந்த இயந்திரப் பெண்ணோடு மல்லுக்கட்ட ஆபீஸில் போய் உட்கார்ந்தார்.

கோகிலவாணி உடனே மகளைக் கூப்பிட்டு, அப்பா பேசியதெல்லாம் அப்பா பேசியதில்லை என்று விளக்கப் பார்த்தாள். அவளுக்கே பாதியில் குழம்பிப்போனது. கேட்ட மகள், "அவரே கூறியதை நானே கேட்டேன் அம்மா. இனி அவரே கூறினால் ஒழிய வேறு பேச்சு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

"நேர்ல போயே கேட்டுருவம், ஏறுங்க" என்று கோகிலவாணி ஆபீஸ் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நயம் நிறுவனத்துக்குச் சேலத்தில் ஒரு கிளை இருந்தது. அர்த்தநாரி பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு பெயர் வைத்துக்கொண்டே வந்தார். பயமும் வேகமும் சேர்ந்து அவருக்கு ஒரு மாதிரி ஜுரம் அடித்தது. நெடுநாளைக்கப்புறம் செய்வதற்கு ஒரு காரியம் கிடைத்த ஜுரம்.

பாதி வழியில் கோகிலவாணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஒப்பந்தத்தப் பாதியில முறிச்சா கட்டணமுன்னு சொன்னீங்களே, எத்தனங்க?"

"காசில்ல அம்மிணி."

"பின்ன?"

"நான் மூணு வருசமா யார் யார்கிட்ட என்னென்ன பேசுனனோ, அதையெல்லாம் அவிய அவிய காதுக்கே அனுப்பி வெச்சுருவாங்களாம். பதம் போடாம, பச்சையா. 'உங்க சொல்ல நாங்க வெச்சுக்க முடியாது, சேர வேண்டியவிய கிட்டச் சேத்தறதுதான் மொற'ங்கறான். அதும் பழசுல இருந்து வரிசையாப் போவுமாம். அது முடிய மூணு மாசம் ஆவும். அப்பறந்தான் என்ற கொரல அவுத்துவுடுவானாம்."

கோகிலவாணி வேகத்தைக் குறைத்தாள். "எங்கண்ணனுக்குமாங்க?"

"உங்கண்ணனுக்குந்தான்."

கார் ஓரம் கட்டி நின்றது. "எங்கண்ணன் ஊரெல்லாம் 'எம் மாப்ள மாதிரி தங்கம் உண்டா'ன்னு சொல்லிட்டுத் திரியறாரு. அவர என்ன சொன்னீங்க?"

அர்த்தநாரி சன்னல் வழியாக வெளியே பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு புளியமரம் இருந்தது. அதை மிக ஈடுபாட்டோடு பார்த்தார்.

"பேசாம வண்டிய எடு. கட்டணம் இல்லாம வெளிய வர ஒரு வழி இருந்தே ஆவோணும். இல்லீன்னா நானும் நெலாவுக்குத்தான் போவோணும்."

நயம் கிளை பளபளவென்று இருந்தது. சத்தம் நுழையாத கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையில் 'பெனிட்டா, சமாதான அலுவலர்' என்று குத்தியிருந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மைக். அர்த்தநாரி அதில் வாயை வைத்து, மூச்சைப் பிடித்து, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வசவுகளில் சிலவற்றை அங்கே செலவழித்தார். முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது.

பெனிட்டா கண் கலங்கிவிட்டார். "இவ்வளவு தன்மையா ஒருத்தர் பேசி இந்த ஆபீஸ்ல நான் கேட்டதே இல்ல சார். உங்க பாராட்ட மேலிடத்துக்குச் சொல்லிருதேன்" என்றார்.

மைக்கும் நயத்தின் லைன்தான்.

கோகிலவாணிதான் முதலில் புரிந்துகொண்டாள். கணவனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பிறகு கண்ணாடியில் தட்டி, கட்டை விரலை வாய்க்கு நேரே சாய்த்து, எதிரே இருந்த டீக்கடையைக் காட்டினாள். தமிழ்நாட்டில் எந்த ஊர் அலுவலகத்திலும் இந்த ஒரு சைகையை மறுத்துப் பழக்கம் இல்லை. பெனிட்டா கைப்பையில் சின்னத் திரைக் கருவி ஒன்றைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

டீக்கடைப் பந்தலுக்குக் கீழே, லைன் இல்லை, மைக் இல்லை, வெறும் காற்று. அர்த்தநாரி வாயைத் திறந்தார். முதல் வாக்கியத்திலேயே பெனிட்டாவின் டீ தளும்பிவிட்டது. எதிரில் இருப்பவர் உள்ளே பேசிய அதே ஆள்தானா என்று கோகிலவாணியைப் பார்த்தார். அவள் ஆமாமென்று தலையசைத்தாள். அர்த்தநாரி நிறுத்தவில்லை. நிறுவனத்தைத் திட்டி, இயந்திரத்தைத் திட்டி, தன்னைத் திட்டி, கடைசியில் குரல் இறங்கி, "அந்தக் கழுதைக்கு இது தெரியாதுங்க. இன்னிக்கிப் பொழுது சாயறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுருவா" என்றார்.

பெனிட்டா டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, எந்தக் கழுத?"

"என்ற மகதான். பொறந்ததுல இருந்து அப்பிடித்தான் கூப்புடுவன்."

"அவ நார்வேயில இருந்தாளா?"

ஆமாமென்றார் அர்த்தநாரி. பெனிட்டா பக்கத்துப் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தூத்துக்குடியில், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கிற வேலையில் இருந்தாராம். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் அடிக்கடி கூப்பிடுவாளாம். என் தந்தையின் எண்ணில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்பதுதான் அவள் புகார்.

"ரொம்பத் தன்மையாப் பேசுவா அண்ணாச்சி. 'என் தந்தை என்னைப் பாரம் சுமக்கும் ஒரு விலங்கின் பெயரால் அழைப்பது வழக்கம். இப்போது பேசுபவர் என்னை மகிழினி என்கிறார்'னு சொல்லுவா. எங்க ஆபீஸ்ல இது பெரிய சிரிப்பு. ஒட்டகமா, எருமையான்னு எங்களுக்குள்ள பந்தயம் வேற. கழுதன்னு ஒருத்தருக்கும் தோணல."

"நீங்க என்ன சொன்னீங்க அவகிட்ட?" என்று கோகிலவாணி கேட்டாள்.

பெனிட்டா டம்ளரை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். "குரல்ரேகையப் பாத்தேன். பொருந்துச்சு. பேசுதது உங்கப்பாதாம்மான்னு சொல்லிட்டேன். அவரு பதம் போட்டிருக்காரான்னும் ஒருவாட்டி கேட்டா. அதச் சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது. அவளே சிரிச்சுக்கிட்டு, 'இல்லை, அவர் அப்படிப்பட்டவர் அல்ல. அதை வாங்குபவர்களைக் கண்டித்துப் பேசக்கூடியவர்'னா. வீட்டுல அம்மாகிட்ட விசாரிச்சாளாம், அப்பா பழையபடியேதான் இருக்காருன்னு சொன்னாங்களாம். அப்ப என்கிட்ட மட்டுந்தான் மாறிட்டாரு போலன்னு சொல்லிட்டு வச்சா. அப்புறம் கூப்புடல."

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொன்னது பொய்யில்லை. வீட்டில், ஆபீஸில், தெருவில் அர்த்தநாரி பழையபடியேதான் இருந்தார். எல்லோருக்கும் அதே அப்பா, தனக்கு மட்டும் ஒரு பேங்க் மேனேஜர் என்று அந்தப் பெண் மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெனிட்டா சட்டென்று நிமிர்ந்தார். அவர் முகம் மாறியிருந்தது. பரீட்சையில் விடை தெரிந்த பிள்ளையின் முகம்.

"அண்ணாச்சி, கட்டணம் இல்லாம ஒரு வழி உண்டும். இது வரைக்கும் யாரும் அந்த வழியில போனதில்ல. பேசுதவரு இன்னாருன்னு கேக்குதவங்களுக்கு அடையாளமே தெரியாமப் போச்சுன்னா, அது எங்க சேவைக் குறை. ஒப்பந்தம் அந்த நிமிசமே செல்லாது. ஒத்தப் பைசா, ஒத்தச் சொல் நீங்க தர வேண்டாம்."

"அவதான் அத்தன வாட்டி சொல்லியிருக்காளே."

"சொன்னா. நாந்தான் தள்ளிவிட்டேன். குரல் பொருந்துனா ஆளும் பொருந்திட்டாருன்னு நெனச்சேன். இப்ப நானே அந்தத் தீர்ப்ப மாத்தணும்." அவர் கருவியை வெளியே எடுத்தார். "ஒரு அழைப்ப எடுத்து, நீங்க பேசுனதையும் பதம் பேசுனதையும் அடுத்தடுத்துக் கேட்டுட்டு முடிவு சொல்லணும். எந்த அழைப்பக் கேக்கட்டும்?"

"போன வாரம் நெலாவப் பத்திப் பேசுனது" என்றார் அர்த்தநாரி.

முதலில் மூலம் ஓடியது. டீக்கடை முழுக்க அவர் குரல் எகிறியது. "ஏண்டி கழுத, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? நெலாவாம் நெலா. அங்க என்ன உங்கம்மாவா தோச சுட்டுப் போடுவா? ஏழு வருசம் உன்ற மூஞ்சியப் பாக்காம நான் என்னடி பண்றது, செவுத்தப் பாத்துப் பேசறதா? அவன் வேலைய அவன் மூஞ்சியிலயே வீசிட்டுக் கெளம்பி வா. வரல, நானே வந்து காதத் திருகி இழுத்துட்டு வருவன். தின்னியா இல்லியா? கொரலே செரியில்ல..."

வடை தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பெனிட்டாவும் சிரித்தார்.

பிறகு பதம் ஓடியது. அதே குரல். அதே மூச்சு. "வணக்கம் மகிழினி. நிலாப் பயணம் ஓர் அரிய வாய்ப்பு. வீட்டு உணவு கிடைக்காது எனினும் பழகிவிடும். ஏழு ஆண்டுகள் விரைவில் கடந்துவிடும். நானும் நேரத்தைப் பயனுள்ள வகையில் செலவிடுவேன். உங்கள் முடிவுக்கு என் முழு ஆதரவு உண்டு. உடல்நலம் பேணுங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. பால் காய்ச்சிக்கொண்டிருந்த டீ மாஸ்டர் மட்டும் திரும்பிப் பார்த்து, "ரெண்டாவது பேசுனது யாருங்க?" என்று கேட்டார்.

பெனிட்டா டீ மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கருவியில் எதையோ அழுத்தினார். கட்டைவிரலை வைத்தார். தன் பெயரையும் பதவியையும் உரக்கச் சொல்லி, ஆள் பொருந்தவில்லை என்றும், முன்பு பொருந்தியதாகச் சொன்னது தன் தவறு என்றும் வாய்மொழியாகப் பதிந்தார். சொல்லி முடித்ததும் அந்தத் திரை ஒருமுறை சிவந்து அணைந்தது.

"உங்களுக்கு இதுல ஏதாச்சும் தொந்தரவு வருமுங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"வரும். வந்தா உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போயி மேலாளர் முன்னால பேசவிடுவேன். மைக் இல்லாம." அவர் அர்த்தநாரியின் ஃபோனை வாங்கி, மகளின் எண்ணைப் போட்டு, திருப்பி நீட்டினார். "உங்க குரல அவுத்துவிட்டாச்சு அண்ணாச்சி. பேசுங்க. ஆனா ஒண்ணு. அவ வச்சிருக்குதது அவ கம்பெனி குடுத்த லைன். இத்தன தன்மையா அவ பேசும்போதே நான் யோசிச்சிருக்கணும். அதுலயும் பதம் இருக்கு. அதை என்னால தொட முடியாது. நீங்க சொல்லுதது அவளுக்கு அப்படியே போவும். அவ சொல்லுதது உங்களுக்குப் பதமாத்தான் வரும்."

அர்த்தநாரி அவரையே வெறித்தார். அப்படியானால் இந்த மூன்று வருஷமும் அந்த நன்றிகள், அந்த ஊக்கங்கள், அந்தக் குளிர் எல்லாம்? கேட்க நேரமில்லை. மணி அடித்தது. எடுத்துவிட்டாள்.

"வணக்கம் அப்பா" என்றது மகளின் குரல்.

ஐம்பத்தைந்து வருஷமாக ஒரு நாளும் சொல்லுக்குத் தவித்தறியாத மனுஷன் வாயைத் திறந்தார், மூடினார். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த அத்தனை வசவும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நெருக்கியடித்து நின்றது. கோகிலவாணி அவர் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஏண்டி கழுத" என்றார்.

மறுமுனையில் ஒன்றும் இல்லை.

"நாந்தான் பேசறன். உங்கப்பன். மூணு வருசமாப் பேசுனது நானில்ல, நான் காசு குடுத்து வெச்ச ஒரு பன்னாட. நீ போற அன்னைக்கு, எல்லாரு முன்னாடியும் கழுதைன்னு கூப்புடாதீங்கன்னு சொன்ன பாரு, அத வேதவாக்கா எடுத்துட்டு, கூறுகெட்டுப் போயி, உனக்குத் தலைகுனிவு வந்துரக் கூடாதுன்னு அந்தக் கருமத்த வாங்கித் தொலச்சன். அது உன்னய நீங்க வாங்கன்னு பேசியிருக்குது. நான் பெத்த புள்ளைய நான் நீங்கன்னு கூப்புடுவனாடி? யோசிக்க வேண்டாமா? படிச்சவதான நீ?"

மூச்சு வாங்கியது. டீக்கடையில் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை. குரல் தானாகத் தணிந்தது.

"நீ நெலாவுக்குப் போறதுன்னா போ. உனக்கு ஆசையிருந்தா போ, நான் காதெல்லாம் திருக மாட்டன். ஆனா நான் போகச் சொன்னேன்னு மட்டும் நெனச்சுட்டுப் போயிராத. நான் அப்பிடிச் சொல்லவே இல்ல கண்ணு."

நீண்ட இடைவெளி. லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இல்லை, இருந்தது. பெனிட்டா அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "அழுகையும் மரியாதைக் குறைச்சல்தான் அண்ணாச்சி. பதம் அதை எடுத்துட்டு, அந்த இடத்த வெறுமனே விட்டுரும்."

அர்த்தநாரி ஃபோனை மறுபடி காதோடு அழுத்திக்கொண்டார். அந்த வெறுமையைக் கேட்டார். இதற்கு முன்னாலும் எத்தனையோ அழைப்புகளில் இதே வெறுமை வந்திருக்கிறது. சிக்னல் சரியில்லை என்று நினைத்து 'அலோ அலோ' என்று கத்தியிருக்கிறார்.

பிறகு மகளின் குரல் வந்தது, சமமாக, இஸ்திரி போட்டதுபோல. "இவ்வளவு காலமும் தாங்கள் எங்கே சென்றிருந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன் அப்பா."

மீண்டும் ஒரு வெறுமை.

"தங்கள் விளக்கம் கிடைத்தது. தங்கள் அறிவுக்கூர்மை குறித்து எனக்குச் சில கருத்துகள் உள்ளன."

அர்த்தநாரியின் தோள் குலுங்கியது.

"இன்றைய கையொப்பத்தை அடுத்த குழுவினர் புறப்படும் வரை தள்ளிவைக்குமாறு இங்குள்ளவர்களிடம் வேண்டிக்கொள்கிறேன். நிலா குறித்துப் பின்னர் முடிவெடுக்கலாம். அதற்கு முன்பாகத் தங்களை நேரில் சந்தித்து, என் கருத்துகளை மிக விரிவாகத் தெரிவிக்க விரும்புகிறேன்."

"தெரிவி" என்றார் அர்த்தநாரி. "வந்து நல்லாத் தெரிவி."

ஃபோனைக் கீழே வைத்தபோது அவர் முகம் முழுக்க ஈரம். வாய் மட்டும் காது வரைக்கும் விரிந்திருந்தது. கோகிலவாணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எதை வைத்துச் சொல்வது?

"என்னங்க சொல்றா?"

"திட்டறா அம்மிணி." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மானங்கெட்ட திட்டு. இன்னும் முடியலயாம். மிச்சத்த நேர்ல வந்து வெச்சுக்கறாளாம்."

கோகிலவாணி காரை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். "அவ எதுக்கு வரோணும்? குலசேகரன்பட்டினத்துக்கு எந்தப் பக்கம் போவோணும்னு கேளுங்க" என்றாள். "நாமளே போயி வாங்கிக்கலாம்."